‘ரைம்’ சரியா, ‘டைம்’ சரியா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆங்கிலம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்காரர் ஒரு தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். அம்மம்மா, அப்பப்பா எல்லாரும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இதில் ஆங்கில எழுத்து ஒன்றுகூடப் போடவில்லை. போடாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் இந்தப் பதிவின் விசயமும்.

சென்ற வாரம் இணுவிலில் எங்களிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் அம்மா வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பியிருந்தார். ‘ரி’ எழுத்தில் தொடங்கும் 100 ஆங்கிலச் சொற்கள். பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அதற்குப் பக்கத்தில் கருத்து. இதேபோல ஏ முதல் இசட் வரை 26 கோப்புகளும் அவரிடம் இருக்கின்றனவாம். “ரீச்சர், லீவுக்குள்ள இதை முழுக்கப் பாடமாக்கச் சொல்லட்டோ?” என்று கேட்டிருந்தார்.

உடனே பதில் எழுத முடியவில்லை. ‘ஓம்’ என்று சொன்னால் பிள்ளைக்கு அநியாயம். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் அந்த அம்மாவுக்கு அநியாயம். வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளையின் படிப்பையும் பார்க்கிற மனிசி அவர். இதே கோப்பு இங்கே பல வீட்டுத் தொலைபேசிகளில் சுற்றுகிறது என்பது பிறகுதான் தெரிய வந்தது. ஆகவே பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

கோப்பைச் செய்தவர் தமிழ்நாட்டுக்காரர். அவருடைய பிள்ளைகளுக்கு அது பொருந்தும். அவர் ‘டேபிள்’, ‘டைம்’, ‘டீச்சர்’ என்று எழுதுகிறார். அங்கே ஆங்கில ரி-க்கும் ட, டி-க்கும் ட. எது எது என்பதைப் பழக்கத்தால் பிரித்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் எழுதும் வழக்கம் வேறு. நாங்கள் ரி-க்கு ‘ர’ போடுவோம், டி-க்கு ‘ட’ போடுவோம். ‘டொக்ரர்’ என்ற ஒரு சொல்லே போதும். முதலில் வருவது டி, நடுவில் வருவது ரி. இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறோம். கனடாவில் இருக்கும் சொந்தக்காரரின் ஊரை ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறோமே, அதில் ஆங்கில ரி இரண்டுக்கும் ‘ர’, நடுவில் வரும் ஆர் எழுத்துக்கு ‘ற’. றேடியோ, றோட்டு, றப்பர் என்று பழைய ஆட்கள் வல்லின ற போட்டு எழுதியதும் இதே கணக்கில்தான். ஸ்ரீலங்கா ரெலிகொம் என்று எழுதுவதையும் பாருங்கள்.

இப்போது இந்தக் கணக்கில் வளர்ந்த பிள்ளையின் கையில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்? எங்கள் பிள்ளைக்கு ‘ட’ என்றால் டி. ‘டவுன்’ என்று இருப்பதை வாசித்தால் பட்டணம் வராது, ‘கீழே’ என்ற சொல் வரும். ‘டென்ட்’ என்றால் கூடாரம் போய் நெளிவு வந்து நிற்கும். ‘டியர்’ என்றால் கண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்புள்ள’ வந்துவிடும். உச்சம் என்னவென்றால், கழுத்தில் கட்டுகிற ‘டை’. அப்பா கலியாண வீட்டுக்கு ரை கட்டிக்கொண்டு போனார் என்று சொல்ல வெளிக்கிட்டு, அந்தப் பிள்ளை சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். வகுப்பில் இது உண்மையாகவே நடந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நாங்களும்தான். சிரித்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டோம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

அதற்காக, ‘பாருங்கோ, எங்கட முறைதான் திறம்’ என்று யாரும் கொலரைத் தூக்கிவிட வேண்டாம். எங்கள் ‘ர’வும் குற்றமில்லாதது கிடையாது. ரயர், ரியூசன், ரோச், ரவுண், ரிக்கற், ரொபி, ரீச்சர். இவற்றை நாங்கள் எப்படி எழுதினாலும் வாயால் சரியாகத்தான் சொல்கிறோம். ஏனென்றால் எழுத்தைப் பார்க்கும் முன்பே காதால் கேட்டுவிட்டோம். கடைக்குப் போய் ‘ரொபி’ கேட்கிற நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்றே தெரியாது, ஆனால் ஒலி சரி. பிரச்சினை வருவது கேட்டே இராத சொற்களில். பிள்ளை பாடப் புத்தகத்தில் வெப்பநிலை என்ற சொல்லுக்கு மேலே பென்சிலால் ‘ரெம்பரேச்சர்’ என்று எழுதி வைக்கும். அடுத்த நாள் வாசிக்கும்போது தான் எழுதிய ‘ர’வைப் பார்த்து அச்சொட்டாக ரகரத்தையே சொல்லும். பழைய ஆட்கள் ர, ற வேறுபாட்டைக் கவனமாகக் காத்தார்கள். இன்றைய கொப்பிகளில் அந்த இரண்டும் கலந்துபோய் விட்டன. ‘நாளைக்கு ரெஸ்ற்’ என்று கொப்பியில் எழுதியிருந்தால் சோதனையா, ஓய்வா என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிள்ளை எதை விரும்பும் என்பது மட்டும் தெரியும்.

ஆகவே ‘ட’ போட்ட கோப்பும் சரி, ‘ர’ போட்ட கொப்பியும் சரி, ஏற்கெனவே தெரிந்த ஒலியை ஞாபகப்படுத்தும். தெரியாத ஒலியைக் கற்றுத்தராது. எங்கள் கருத்து இவ்வளவுதான். உச்சரிப்பு என்பதைக் காதுக்குக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

மேலே சொன்ன ‘ரை’ விசயத்துக்கு வருகிறோம். அன்று சிரிப்புக்கு ஆளான பிள்ளை அதற்குப் பிறகு பல வாரங்கள் வாய் திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்பாள், புத்தகத்தைப் பார்ப்பாள், தொண்டையைச் செருமுவாள், அவ்வளவுதான். எழுத்துச் சோதனையில் குறைவில்லாத பிள்ளை. எங்களை ஒரு நாளைக்கு ஐம்பது தரம் ‘ரீச்சர், ரீச்சர்’ என்று கூப்பிடுகிற வாய், அதே சொல் பாடத்தில் ஆங்கில எழுத்தில் வந்தபோது மூடிக்கொண்டது. தினமும் அவள் சரியாகச் சொல்கிற சொல் அது! அதைத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இந்தச் சிரிப்பு எங்களுக்குப் புதிதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. கைக்குழந்தையாக இருந்த நாங்கள் புத்தளத்தில் வளர்ந்தோம். வீட்டில் உம்மாவும் வாப்பாவும் பேசியது யாழ்ப்பாணத்துத் தமிழ். அவர்கள் எழுதிய துண்டுகளில் எல்லாம் ‘ரயர்’, ‘ரோச்’, ‘ரின்’தான். அங்கே ஒரு பாடசாலையில் கொப்பியில் ‘ரயர்’ என்று எழுதியதற்குச் சிவப்புப் பேனையால் வெட்டு விழுந்தது. பக்கத்து வாங்குப் பிள்ளைகள் அதை ‘ர’ என்றே அழுத்தி வாசித்துச் சிரித்தார்கள். ஊரும் போய், வீடும் போய், கடைசியில் எழுத்தும் பிழை என்றால் ஒரு பிள்ளைக்கு எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து வாப்பாவோடு சண்டை பிடித்தோம். “நாங்க அப்பிடித்தான் எழுதுறது” என்பதைத் தவிர அவரிடம் வேறு விளக்கம் இருக்கவில்லை.

விளக்கம் கிடைத்தது பல வருடங்கள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில். ஒலியியல் பாடத்தில் விரிவுரையாளர் கரும்பலகையில் வாயின் குறுக்கு வெட்டுப் படம் ஒன்றை வரைந்தார். ஆங்கில ரி எங்கே பிறக்கிறது? மேற்பற்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் முரசு மேட்டில், நாக்கு நுனி ஒட்டி விடுபடும்போது. எங்கள் ‘த’ அதற்கு முன்னால், பல்லடியில். எங்கள் ‘ட’ அதற்குப் பின்னால், நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும் இடத்தில். அப்படியானால் ரி-யின் இடம் தமிழில் வெறுமையாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். வகுப்பு முழுக்க ‘ஓம்’ என்றது. அவர் பலகையில் மூன்று சொற்கள் எழுதினார். பத்து, பற்று, பட்டு. வாசிக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்து வாயால் வாசித்தோம். மூன்றும் மூன்று இடம்! நடுவில் இருந்தது ஆங்கில ரி.

அந்தக் கணத்தில் வாப்பாவின் முகம்தான் ஞாபகத்தில் வந்தது.

கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால், தமிழ்நாட்டில் இன்று ‘காற்று’ என்பதை வாசிக்கும்போது ற்ற-வுக்குள் ஒரு ரகர அதிர்வு கேட்கும். யாழ்ப்பாணத்தில் அது கேட்காது. நாக்கு நுனி முரசில் ஒட்டி, அடைத்து, விடும். மலையாளத்திலும் அவ்வாறே. இது பழைய ஒலி. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பார்த்தால் ற-வையும் ன-வையும் ஒரே இடத்தில் வைத்து, நாக்கு நுனி அண்ணத்தை ஒற்றுவதால் பிறப்பவை என்கிறது. ர-வுக்கோ வருடுவதால் பிறப்பது என்கிறது. ஒற்றுவது வேறு, வருடுவது வேறு. ற-வை க, ச, ட, த, ப-வோடு வல்லினத்தில் சேர்த்ததற்கும் இதுதான் காரணம். அடைத்து விடுகிற ஒலியைத்தான் வல்லினம் என்றார்கள். ஆனால் தமிழில் அந்த ஒலி சொல்லுக்கு முதலில் வராது. ஆங்கிலத்திலிருந்து முதலில் வரும் சொல்லாக ஒன்று வந்தபோது, ஒலிக்குப் பொருத்தமான எழுத்து இரட்டையாக நடுவில் மட்டும்தான் இருந்தது. எனவே பக்கத்தில் இருந்த ‘ர’வைப் பிடித்துப் போட்டார்கள் எங்கள் ஆட்கள். வாய் சரியாகச் சொன்னது, கை கிட்டியதை எழுதியது.

இதை வைத்து வகுப்பில் ஒரு சின்ன விளையாட்டுச் செய்கிறோம். வீட்டிலும் செய்து பாருங்கள். ‘காற்று’ என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு ‘கா’வை மனதுக்குள் விழுங்கிவிட்டு மீதியை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு என்ற ஆங்கில எண் வந்து நிற்கும். ‘வெற்றி’யில் ‘வெ’யை விழுங்கினால் தேநீர். ‘முற்றம்’ என்பதில் ‘மு’வை விழுங்கினால் கதைப் புத்தகத்துப் பூனையின் பெயர், எலியைத் துரத்துகிற அதே பூனை. ‘பற்றை’யில் ‘ப’வை விழுங்கி, மீதியை நன்றாக ‘ஐ’ என்று விரித்தால் கழுத்தில் கட்டுகிற ரை. சாவு இல்லை! எங்கள் பேசாமடந்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னாள். ‘பற்றை’யை அவள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பற்றையாகத்தான் சொன்னாள். ‘ப’ விழுங்கப்பட்டது, ரை வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

இதோடு ரி முழுவதும் கைக்குள் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆங்கிலேயர் சொல்லின் தொடக்கத்தில் ரி-யைச் சொல்லும்போது ஒரு சின்னக் காற்று வெளியே அடிக்கும். வாய்க்கு முன்னால் மெல்லிய ரிசுத்தாளைப் பிடித்தால் தாள் ஆடும். ‘நில்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ரி-க்கு முன்னால் ஸ் இருப்பதால் தாள் ஆடாது. எங்கள் ற்ற-விலும் ஆடாது. தாள் ஆடாவிட்டாலும் உங்கள் பேச்சு விளங்கும். ஆகவே அதில் அதிகம் மினக்கெட வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். அமெரிக்கர் தண்ணீரைச் சொல்லும்போது நடுவில் இருக்கும் ரி கிட்டத்தட்ட எங்கள் ஒற்றை ‘ர’வாகவே கேட்கும். யூரியூப் பார்க்கிற பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சொல்கின்றன. அதையும் நாங்கள் திருத்துவதில்லை.

எழுதி வைத்துவிட்டு வாயில் வராமல் இருக்கும் ரி-யும் உண்டு. கேள், கோட்டை, விசில், நத்தார் என்ற நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்களில் நடுவில் ரி இருக்கிறது, ஒலிக்காது. எங்கள் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்கு முன் எங்களில் பெரும்பாலானோர் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. அதன் பிறகு மறக்கவில்லை. சுனாமி. ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து ரி. யப்பானிய மொழியில் துறைமுகம், அலை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. வடமராட்சி கிழக்கில் அந்தச் சொல்லை எந்தக் கோப்பையும் பார்த்து யாரும் பாடமாக்கவில்லை.

ரி-யோடு எச் சேர்ந்தால் வேறு கதை. நன்றி சொல்லும்போது நாக்கு நுனி பற்களுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். ‘இது’, ‘அது’ என்பவற்றுக்கான சொற்களிலும் நாக்கு அதே இடம்தான், ஆனால் குரல் சேரும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டாவது எளிது. ‘அது’, ‘கதை’ என்று சாதாரணமாகப் பேசும்போது நடுவில் வரும் மெல்லிய ‘த’ அதற்கு மிகவும் கிட்ட. முதலாவதுதான் கஷ்டம். இங்கே எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை அவர்களே அறியாமல் இருக்கிறார்கள். குர்ஆன் மதரசாவில் மக்ரஜ் பார்த்து ஓதப் பழகியவர்கள் ‘ஸே’ என்ற எழுத்துக்கு நாக்கு நுனியை எங்கே வைத்தார்கள்? மேற்பல்லின் விளிம்பில். நன்றிக்கும் அதே இடம். ‘தால்’ என்ற எழுத்துக்கு வைத்தார்களே, அதுதான் ‘இது’, ‘அது’வுக்கு. ஹதீஸ் என்று தமிழில் ஸகரம் போட்டு எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ரி-யும் எச்-உம் வருவது இதனால்தான். ஒரு எழுத்தின் இடம் அரை அங்குலம் மாறினால் ஓதலே பிழை என்று ஐந்து வயதில் உஸ்தாத் சொல்லித் தந்ததை, ஆங்கில வகுப்பில் நாங்கள் ஞாபகப்படுத்துவதே இல்லை.

உஸ்தாத் அதை எழுதிக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் ஓதுவார், நாங்கள் திருப்பி ஓதுவோம். பிழைத்தால் நிறுத்துவார். தமிழ் எழுத்தில் குர்ஆனை எழுதி வாசித்தவர்களின் ஓதலைக் கேட்டாலே வித்தியாசம் விளங்கும். எழுத்து போதாது என்பது எமது முன்னோருக்கும் தெரிந்திருந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழில், அரபியில் இல்லாத ட, ப, ழ போன்ற ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளில் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். ஓர் எழுத்து முறை இன்னொரு மொழியின் ஒலியை அப்படியே தாங்காது.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். ஆங்கிலம் எங்கள் ஊர்ப் பெயர்களைப் படுத்தும் பாட்டைப் பாருங்கள். புத்தளத்தை எழுதும்போது இரண்டு ரி. காத்தான்குடிக்கும் பொத்துவிலுக்கும் இரண்டு ரி. மட்டக்களப்புக்கும் இரண்டு ரி. வெற்றிலைக்கேணிக்கும் இரண்டு ரி! த்த, ட்ட, ற்ற மூன்றும் அங்கே ஒரே பானைக்குள். நாங்கள் வளர்ந்த ஊரை வெளிநாட்டுக்காரர் ‘புட்டளம்’ என்று வாசிக்கும்போது யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பாவம், எழுத்து அப்படி இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, அந்த மூன்றையும் ரோமன் எழுத்தில் பிரித்துக் காட்ட ஒன்றின் கீழே புள்ளியும் இன்னொன்றின் கீழே கோடும் போட வேண்டி வந்தது. அறிஞர்களுக்கே அந்தப் பாடு. தரம் 8 பிள்ளை ‘டை’ என்று சொன்னால் மட்டும் வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது.

கோப்பின் மூன்றாவது நிரலைப் பற்றி, அதாவது கருத்தைப் பற்றி, சுருக்கமாக. ‘ராங்க்’ என்பதற்கு அதில் ‘தொட்டி’ என்று மட்டும் போட்டிருக்கிறது. எங்கள் நாட்டில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் வன்னிக் குளங்கள்தான் முதலில் வரும். வீட்டில் கூரைக்கு மேல் இருப்பது தண்ணீர்த் தாங்கி. யுத்தம் பார்த்த பெரியவர்களுக்கு அந்தச் சொல் இன்னொரு தாங்கியை ஞாபகப்படுத்தும், அதைப் பிள்ளைக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். கண்ணீருக்கும் கிழிப்பதற்கும் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒரே சொல், ஒலி மட்டும் வேறு. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு கருத்து என்று பாடமாக்கிய பிள்ளை, முதல் வசனத்திலேயே தடக்கி விழும்.

“அப்ப நாங்கள் என்னதான் செய்யிறது ரீச்சர்? எங்களுக்கு இங்கிலீசு தெரியாது. பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க வீட்டில ஆளில்லை. அந்தக் கோப்பாவது கிடைச்சுதே” என்று ஒரு தாய் கேட்டால் அதில் முழு நியாயமும் உண்டு. உண்மையைச் சொன்னால் நாங்களும் அந்தப் பென்சில் எழுத்தில் ஏறித்தான் வந்தோம். எங்கள் பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஒவ்வொரு வரிக்கு மேலும் தமிழ் வரி ஓடும். அதை அழிக்கச் சொல்லிப் பிள்ளையைப் பேசுகிற ஆசிரியர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஊன்றுகோலைப் பறித்துவிட்டு நட என்று சொல்வது போன்றது அது. நாங்கள் கேட்பது ஒழுங்கை மாற்றச் சொல்லித்தான். முதலில் கேட்கட்டும், பிறகு சொல்லட்டும், அதற்குப் பிறகு தன் காதில் விழுந்ததைத் தன் கையால் எப்படி வேண்டுமானாலும் எழுதி வைக்கட்டும். ‘ர’ போடட்டும், ‘ற்’ போடட்டும், தலைகீழாக ஒரு அடையாளம் போடட்டும். அது அவளுடைய குறிப்பு. வேறொருவர் கேட்டதை வேறொருவர் எழுதி, கேட்டே இராத பிள்ளைக்குக் கொடுப்பதில்தான் பிழை.

கேட்பதற்கு வழி இருக்கிறது. அந்தக் கோப்பு வந்த அதே தொலைபேசியில் அகராதியைத் திறந்தால் சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், அதைத் தொட்டால் போதும். டேற்றா இல்லாத வீடுகளுக்கு நாங்கள் குரல் பதிவு செய்து தருகிறோம். ஒரு நாளைக்கு நூறு வேண்டாம், ஐந்து போதும்.

பட்டியலையும் வீட்டிலிருந்தே தொடங்கலாம். இணுவிலில் ஒரு பிள்ளை காலையில் எழும்பிப் பாடசாலைக்கு வருவதற்குள் எத்தனை ரி-யைக் கடந்து வருகிறது? ரப்பைத் திறந்து முகம் கழுவுகிறது. ரவலால் துடைக்கிறது. சைக்கிள் ரயருக்குக் காற்று பார்க்கிறது. காங்கேசன்துறை வீதியில் ரிப்பர் போகிறது, ரக்ரர் போகிறது. தோட்டத்தில் நிற்கிற புகையிலைக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ரி, தக்காளிக்கும் ரி. பின்னேரம் ரியூசன். நாங்கள் ஒரு நாள் பிள்ளைகளையே எண்ணச் சொன்னபோது, கோப்பில் இல்லாத சொற்கள் பல வந்தன. அத்தனையையும் பிள்ளைகள் ஏற்கெனவே சரியாகச் சொல்கிறார்கள். அவற்றை ஆங்கில எழுத்தில் அடையாளம் காணப் பழக்கினாலே பாதி வேலை முடிந்தது. தெரிந்த ஒலியிலிருந்து தெரியாத எழுத்துக்குப் போவது இலகு. கோப்பு பிள்ளையை எதிர்த் திசையில் ஓடச் சொல்கிறது.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் இந்தப் பக்கத்துக்கு நேற்று வந்ததல்ல. பக்கத்தில் உடுவிலில் பெண் பிள்ளைகளின் பாடசாலை 1824இல் தொடங்கியது. 1841இல் உதயதாரகை தமிழும் ஆங்கிலமுமாக யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிசன் டொக்ரர் சாமுவேல் கிறீன் தமிழைப் படித்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவருடைய தமிழ் உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும்? நோயாளி விளங்கிக்கொண்டால் போதும் என்றுதான் எங்கள் முன்னோர் இருந்திருப்பார்கள். இருநூறு வருடப் பழக்கத்துக்குப் பிறகும் பிள்ளை வாய் திறக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது பிழையைத்தான். 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசாங்கம் அறிவித்தபோது, எங்கள் பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்றும் சொன்னார்கள். இணைப்பு மொழி என்றால் இன்னொருவருக்கு விளங்க வேண்டும். லண்டன்காரர் போல இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ‘ரவுண்’ என்று எங்கள் வாயால் சொன்னால் உலகத்தில் எங்கேயும் விளங்கும். ‘கீழே’ என்று விளங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

கல்யாண வீட்டிலோ, கோயில் திருவிழாவிலோ, பெருநாளிலோ பிள்ளையைக் கூப்பிட்டு ‘எங்க, இங்கிலீசில ஏதாவது சொல்லு பாப்பம்’ என்று சபையில் நிறுத்துகிற பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற மச்சான்மார், மாமாமார் பிள்ளையின் ரி-யைத் திருத்துவதையும் தனியாகச் செய்யுங்கள். நீங்கள் போன முதல் வருடம் கடையில் பாண் வாங்கிய கதையையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

அந்த அம்மாவுக்கு நேற்றுப் பதில் அனுப்பினோம். கோப்பைப் பாடமாக்க வேண்டாம், அதிலிருந்து 20 சொற்களைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும் என்றோம். அவள் தெரிவு செய்த 20க்கும் எங்கள் குரலில் பதிவு அனுப்பியிருக்கிறோம், ஒவ்வொன்றும் இரண்டு தரம், ஒரு தரம் மெதுவாக. இன்று காலை சுபஹுக்குப் பிறகு தொலைபேசியைப் பார்த்தால் அவளிடமிருந்து திரும்பக் குரல் பதிவு வந்திருந்தது. இருபதில் பதினேழு நல்லாயிருந்தது. பின்னால் அம்மாவும் சேர்ந்து சொல்வது கேட்டது.

மற்ற வீடுகளுக்கும் இந்தப் பதிவு வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், அனுப்பி வைக்கிறோம். ‘எஸ்’ எழுத்துக் கோப்பு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஸ்கூலை ‘இஸ்கூல்’ ஆக்குகிற கதை அதில் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.